இலவசமாக வந்த விருந்து ஹதியாவா?

பெருங்களத்தூரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். தனியார் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். அலுவலக நண்பர்களோடு கோவாவுக்குச் சென்றிருந்தபோது, உடன் வந்த ஒருவர் சூதாட்ட விடுதியில் இரவெல்லாம் இயந்திரத்தில் ஆடினாராம். மறுநாள் விடுதிக்காரர்கள் அவருடைய அறை வாடகையைத் தள்ளிவிட்டு, இரண்டு பேருக்கு விருந்துச் சீட்டும் கொடுத்தார்களாம். இரண்டாவது சீட்டில் நம் இளைஞர் சாப்பிட்டுவிட்டார்.

"ஹஜ்ரத், நான் ஆடவில்லை. ஆடியவரும் அன்றிரவு ஜெயித்தார். ஜெயித்தவருக்கும் கொடுக்கிறார்கள் என்றால் அது ஹதியாதானே?" என்றார்.

சூது ஹராம் என்பதில் இரண்டு பேச்சில்லை. ஸூரத்துல் மாயிதாவின் 90-ஆவது ஆயத்து மதுவோடு சேர்த்தே அதை விலக்கிவிட்டது. ஜெயித்தவனுக்கும் கிடைக்கும் விருந்து எதற்கு ஈடாகக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு அவ்விடுதிகளின் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆலிமுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். வட்டியின் கணக்கு தெரியாமல் வட்டிக்கு ஃபத்வா கொடுக்க முடியுமா?

வீடியோ போக்கர் என்றொரு இயந்திரம் உண்டு. திரையில் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். சீட்டுகள் சேரும் விதத்துக்குத் தக்கபடி பணம் வரும். எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு என்பது இயந்திரத்திலேயே எழுதியிருப்பதால், ஆடுகிறவனின் நஷ்டத்தை முன்கூட்டியே கணித்துவிடலாம். இதில் தாராளமான ஒரு வகையில், தவறே செய்யாமல் ஆடுபவனுக்கு 100 ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரியாக 99 ரூபாய் 54 காசு திரும்பும். இரண்டே சேர்க்கைகளின் பரிசை ஒரு படி குறைத்துவிட்டால் திரும்புவது 97 ரூபாய் 30 காசுதான். ஆட்டத்துக்கு 100 ரூபாய் வீதம் மணிக்கு 600 ஆட்டம் ஆடினால் பந்தயம் 60,000 ரூபாய். முதல் இயந்திரத்தில் விடுதி எதிர்பார்க்கும் வரும்படி 276 ரூபாய். இரண்டாவதில் 1,620 ரூபாய்.

ஆடுகிறவன் இயந்திரத்தில் செருகும் உறுப்பினர் அட்டை ஒவ்வொரு பந்தயத்தையும் பதிந்துகொள்கிறது. விடுதி பெரும்பாலும் பார்ப்பது அன்றைய வெற்றி தோல்வியை அல்ல. இவனிடமிருந்து வரவேண்டிய சராசரி நஷ்டத்தை. அதில் ஒரு பங்குதான் விருந்தாகவும் அறையாகவும் திரும்புகிறது. ஜெயித்தவன் மறுபடி வருவான், அப்போது சராசரி தன் வேலையைச் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீடியோ போக்கரில் லாபம் குறைவு என்பதால், அதே தொகைக்கு மற்ற இயந்திரங்களில் ஆடுபவனைவிட இவனுக்குக் குறைவான புள்ளிகளே தரும் விடுதிகள் பல. விருந்தாளி மேல் பிரியம் என்றால், குறைவாக இழப்பவனுக்கு ஏன் குறைவான உபசரிப்பு?

பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்த சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று பார்க்கட்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கோவாவுக்குச் சென்ற நண்பர் இயந்திரத்தின் முன் உட்காராமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சீட்டு வந்திருக்குமா?

"நம் மளிகைக்கடைக்காரரும் வாடிக்கைக்காரருக்குத்தானே காலண்டர் கொடுக்கிறார்?" என்று இளைஞர் மடக்கினார். நியாயமான கேள்வி. கடைக்காரரும் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கிறார். ஆனால் அவர் வாங்கிய காசுக்கு அரிசியும் பருப்பும் நம் வீட்டுக்கு வந்துவிட்டன. காலண்டர் அவருடைய ஹலாலான லாபத்திலிருந்து வருகிறது. விடுதியின் விருந்தோ, பக்கத்து இருக்கைக்காரன் வெறுங்கையோடு எழுந்துபோன பணத்திலிருந்து வருகிறது. நம் இளைஞர் கொடுக்காத விலையை யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். ஜாஹிலிய்யா காலத்து அரபிகளும் அம்பு போட்டுச் சூதாடி, ஜெயித்த ஒட்டக இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை பேசினார்கள். அந்தக் கொடை சூதை ஹலாலாக்கிவிடவில்லை.

கொடுப்பவரின் சொத்தில் ஹராம் மிகுந்திருந்தால் அன்பளிப்பை ஏற்பதில் ஹனஃபிகள் கண்டிப்பாகவும், ஷாஃபிஈகள் மக்ரூஹ் என்ற அளவிலும் பேசுகிறார்கள். இங்கோ கைக்கு வந்த பொருளே சூதின் விளைச்சல் என்பது தெரிந்திருக்கிறது. ஆகவே தெரிந்துகொண்டு சாப்பிடக் கூடாது என்றோம். சாப்பிட்டாகிவிட்டதே என்று கலங்கினார். ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் அடிமை கொண்டுவந்த உணவு குறிசொல்லிப் பெற்றது என்றறிந்ததும் விரலை விட்டு வாந்தி எடுத்தார்கள். அது அவர்களுடைய பேணுதல். இவரைத் தவ்பாச் செய்து, சாப்பாட்டின் விலையைத் தோராயமாக மதித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிடச் சொன்னோம்.

கோவா தூரத்தில் இருக்கிறது என்று பெற்றோர்கள் நிம்மதியடைய வேண்டாம். ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் இதே விருந்தை 'போனஸ்' என்ற பெயரில் வீட்டுக்குள் அனுப்பின. தமிழக அரசு 2022-இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கு அத்தடை செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமையா அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்தின் விவாதம். ஆடுகிறவர்கள் பணம் வைத்து, ஒருவர் இழந்தே மற்றவர் பெறுவதானால், ஷரீஅத்தில் இரண்டும் சூதுதான்.

எழுந்து போகும்போது இளைஞர் தம் கைப்பேசியைக் காட்டினார். விருந்துச் சீட்டைக் கொடுத்தபோது விடுதியில் எண்ணைக் கேட்டார்களாம், இவரும் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வந்தால் ஓர் இரவு அறை இலவசம் என்று இவர் பெயருக்கே செய்தி வந்திருந்தது.