பற்றுகோடு

வின்ச் என்பது வண்டியின் முன்புறத்தில் பொருத்தப்படும் இழுவைப்பொறி. ஒரு மின்மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் பல்சக்கரங்கள், வடம் சுற்றிய உருளை, வடத்தின் நுனியில் ஒரு கொக்கி: உறுப்புகள் இவ்வளவுதான். கமலையையும் கிணற்றுக் கப்பியையும் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. புதுமை, அதைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லில் இருக்கிறது. அமெரிக்கக் காடுகளிலும் மலைகளிலும் பாலைகளிலும் ஓடுவதற்கென்றே செய்யப்படும் சைடு-பை-சைடு, இருவர் அருகருகே அமரும் சிறு நாற்சக்கர வண்டி. கார் போல ஸ்டியரிங் உண்டு, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு உண்டு. அதற்கு வின்ச் வாங்குகிறவர் ‘செல்ஃப் ரெக்கவரி’க்காக வாங்குகிறார். சேற்றில் புதைந்தால் எவரையும் கூப்பிடாமல் தன்னைத் தானே மீட்டுக்கொள்வது என்று பொருள். தற்சார்பைப் பற்றி எமர்சன் 1841இல் கட்டுரை வெளியிட்ட நாட்டில் அந்தச் சொல்லுக்குக் கவர்ச்சி இருப்பதில் வியப்பில்லை. ஆனால் தன்னைத் தானே மீட்டுக்கொள்வது என்று ஒன்று உண்டா? சமயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய கேள்வி இது. வின்ச் அந்த வழக்கில் எதிர்பாராத ஒரு சாட்சி.

உண்டு என்று செய்தே காட்டியவர் கட்டுக்கதை நாயகரான முன்சௌசன் பிரபு. பூர்கர் 1786இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கதைகளில், சதுப்பில் அமிழ்ந்த அந்தப் பிரபு தன் சடையைத் தானே பிடித்து, கால்களுக்கிடையே இடுக்கிய குதிரையோடு சேர்த்துத் தன்னை வெளியே தூக்கிவிடுகிறார். கேட்டவர் சிரிப்பதற்குக் காரணம், நியூட்டன் 1687இல் எழுதிவைத்த மூன்றாம் விதி. கை சடையை மேலே இழுக்கும் அதே அளவு சடை கையைக் கீழே இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் சுழி. ஓர் உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு முறுக்கினாலும் அந்த உடல் முழுவதும் இடம்பெயர வெளியிலிருந்து ஒரு விசை வந்தே ஆகவேண்டும். வின்ச்சின் கொக்கியை அதே வண்டியின் பின் பம்பரில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், வளைவது பம்பர்தான், வண்டி அசையாது. மெய்யியலாளர் ஹான்ஸ் ஆல்பர்ட் 1968இல், எந்த அறிவும் தனக்கான இறுதி ஆதாரத்தைத் தானே தந்துகொள்ள முடியாது என்ற சிக்கலுக்கு இந்தப் பிரபுவின் பெயரையே சூட்டினார்.

ஆகவே வின்ச் வாங்குவது என்பது விசையை வாங்குவது மட்டுமன்று, வெளியே இருக்கும் ஒன்றோடு உறவு வைத்துக்கொள்ளும் வழியை வாங்குவது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. அவர் பவுண்டுக் கணக்கைச் சொல்வார். அந்தக் கணக்கும் தேவையானதே. ஆளும் சுமையும் எரிபொருளும் ஏறிய வண்டியின் முழு எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்க வல்ல வின்ச் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கில் உள்ள விதி. இரண்டு இருக்கை வண்டி ஏறத்தாழ 600 முதல் 700 கிலோ. ஆட்களும் சாமானும் ஏறினால் 900 கிலோவைத் தாண்டும். அதனால் அதற்கு 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ வின்ச்சும், நான்கு இருக்கை வண்டிக்கு 4,500 பவுண்டு வின்ச்சும் பொருந்துகின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் உருளையை ஒட்டிய முதல் அடுக்கு வடத்துக்கு மட்டுமே உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வடம் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற உருளையின் விட்டம் கூடுகிறது. மோட்டாரின் முறுக்கு கூடுவதில்லை. அடுக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவை குறைந்துகொண்டே போகும். வண்டி மரத்தை நெருங்க நெருங்க, வடம் உருளையில் ஏற ஏற, வின்ச்சின் வலு இறங்குகிறது.

எடையைக் காட்டிலும் புதைவு பெரிய விஷயம். சக்கரம் வரை புதைந்த வண்டி தன் எடை அளவுக்கும், மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்குக்கும், அதற்கும் மேலே போனால் மும்மடங்குக்கும் எதிர்ப்புக் காட்டும் என்று அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகள் கணக்கிடுகின்றன. 1,000 கிலோ வண்டி மட்கார்டு வரை போனால் 3,500 பவுண்டு வின்ச் தனியாகப் போதாது. அங்கே உதவுவது ஒரு கப்பி. மரத்தில் கப்பியைக் கட்டி, வடத்தை அதன் வழியே திருப்பிக் கொக்கியை வண்டியின் சட்டத்திலேயே மாட்டினால் இழுவை இரட்டிக்கிறது, வேகம் பாதியாகிறது. இனாமாக எதுவும் கிடைத்துவிடவில்லை. மரத்தின் மேல் விழும் பாரமும் இரட்டித்திருக்கிறது.

வடம் இரண்டு வகை. எஃகுக் கம்பிவடம் உராய்வுக்கு அஞ்சாது. ஆனால் இழுபடும்போது ஆற்றலைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும், அறுந்தால் சாட்டையாய் வீசி ஆளைக் கிழிக்கும். டைனீமா போன்ற செயற்கை இழைவடம் எடையில் மிகக் குறைவு, நீரில் மிதக்கும், அறுந்தால் அவ்வளவு ஆவேசம் காட்டாது. ஆனால் கூரான பாறையும் வெயிலும் சூடும் அதற்குப் பகை. ஆட்கள் நெருங்கி அமரும் சிறு வண்டிக்கு இழைவடமே ஏற்றது. எஃகுக்கு உருளைகள் கொண்ட வழிகாட்டி, இழைக்கு வழவழப்பான அலுமினிய வாய். எஃகு ஓடித் தேய்ந்த பழைய உருளைகளின் மேல் இழைவடத்தை ஓட்டினால் சில நாளில் நார்நாராகும்.

பொருத்தும் வேலையில் வித்தை ஒன்றுமில்லை, பொறுமை மட்டும் வேண்டும். அந்தந்த மாடலுக்கென்று செய்த தாங்கு தகட்டைப் பிளாஸ்டிக் முகப்பில் அல்லாமல் சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்கவேண்டும். இழுக்கும் பாரம் முழுவதும் அந்தச் சில போல்ட்டுகள் வழியாகத்தான் வண்டிக்குப் போய்ச் சேர்கிறது. வின்ச்சிலிருந்து, மோட்டாருக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான கான்டாக்டருக்கும் அங்கிருந்து பேட்டரிக்கும் தடித்த கேபிள்கள் நேராகப் போகவேண்டும். சைலன்சரின் சூட்டையும் தகட்டின் விளிம்பையும் தொடக்கூடாது. கான்டாக்டருக்கு நீர் தெறிக்காத இடம். பொத்தானுக்கான மெல்லிய ஒயரைச் சாவி போட்டால் மட்டும் மின் வரும் இணைப்பில் எடுத்தால், நிறுத்திய வண்டியில் குழந்தை கை வைத்தாலும் உருளை சுழலாது. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, எல்லாம் முடிந்தபின் கடைசியில் மாட்டுவது வழக்கம். பிறகு புது வடத்தை முழுவதும் இழுத்துவிட்டு, லேசான சரிவில் வண்டியின் பாரத்தோடு மறுபடி சுற்றவேண்டும். தளர்வாகச் சுற்றிய வடத்தின் மேலடுக்கு முதல் பெரிய இழுவையிலேயே கீழடுக்குக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். வேலை முழுவதிலும் அதிகம் தட்டிக்கழிக்கப்படுவது இதுதான்.

முழுப் பாரத்தில் வின்ச் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தாலும் அவ்வளவு மின்சாரத்தைத் திருப்பித் தருவதில்லை. குறையைப் பேட்டரி ஏற்கிறது. சற்று இழுத்து, நிறுத்தி, மோட்டார் ஆறியபின் மறுபடி இழுப்பதே முறை.

இத்தனையும் சரியாக அமைந்தபின் கொக்கியை எதில் மாட்டுவது என்ற கேள்வி வருகிறது. பாடப்புத்தகத்தில் கடைசியாக வரும் இது, உண்மையில் முதலாவது. வேர் ஆழ ஓடிய உயிர்மரம் நல்லது. பட்டுப்போன மரம் வேரோடு சாயும். வடத்தை நேரே மரத்தில் சுற்றினால் பட்டை அறுபட்டு மரம் பிழைக்காமல் போகலாம், ஆகவே அகன்ற பட்டைவாரைச் சுற்றி அதில் கொக்கியை மாட்டவேண்டும். மீட்டவனைக் கொல்லாமல் மீள்வதற்கான ஏற்பாடு இது.

இப்போது மீட்டது யார் என்று கேட்டால் இயற்பியல் இரண்டு விடைகள் தருகிறது, இரண்டும் சரி. ஆற்றலின் கணக்கில் எல்லாமே வண்டியுடையது. விசை பட்ட பொருள் நகர்ந்தால்தான் வேலை நடந்ததாகப் பொருள். மரம் நகரவில்லை, அதனால் மரம் செய்த வேலை சுழி. செலவான மின்சாரம் ஒவ்வொரு துளியும் வண்டியிலிருந்தே போயிற்று. விசையின் கணக்கோ நேர்மாறு. வண்டியை முன்னோக்கி இழுத்த புறவிசை வடத்தின் மறுமுனையிலிருந்து, மரத்திலிருந்து வந்தது. அது இல்லாவிட்டால் பேட்டரி தீரும்வரை உருளை வடத்தைச் சும்மா சுருட்டியிருக்கும். மரம் எதையும் செய்யவில்லை, மரம் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. முயற்சியா அருளா என்ற பழைய வழக்கில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் நின்றதற்கு, இருவரும் வேறுவேறு கணக்கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

வழக்கு பல நாடுகளில் நடந்தது. கிறித்தவத்தில், மனிதன் தன் விருப்பாற்றலால் நன்னெறியில் நிற்க இயலும் என்ற பெலேஜியசின் கொள்கையை, அகுஸ்தீன் எதிர்த்துநிற்க, 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் கண்டித்தது. ஜப்பானில் பௌத்தரான ஷின்ரான் (1173–1263) தன்னாற்றலை முற்றாகக் கைவிட்டு அமிதாப புத்தரின் ஆற்றலை மட்டும் நம்பச் சொன்னார். ஆனால் இயந்திர நுட்பத்தோடு வாதம் நடந்தது தமிழ்நாட்டு வைணவத்தில்தான். வேதாந்த தேசிகரை (1268–1369) முதன்மையாகக் கொண்ட வடகலையார், சரணாகதி என்ற செயலைச் சீவன் செய்தாகவேண்டும் என்றனர். தாயின் வயிற்றைக் குட்டிக் குரங்கு தானே பற்றிக்கொள்வது போல. பிள்ளை லோகாசாரியரையும் மணவாள மாமுனிகளையும் பின்பற்றிய தென்கலையார், தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வது போல மீட்பு முழுவதும் இறைவன் செயல் என்றனர். பொதுவில் இதை முயற்சிக் கட்சி, அருள் கட்சி என்று பிரித்துவிடுவதுண்டு, அது சரியன்று. தேசிகருக்கும் மீட்பவன் இறைவன்தான். சரணாகதி ஒரு வியாஜம், அருள் பாய்வதற்கு ஒரு சாக்கு, அவ்வளவே. மரத்தில் கொக்கியை மாட்டும் கை அதற்குச் சரியான உவமை. கொக்கி மாட்டியதற்காக மரம் உறுதியாகிவிடவில்லை. மாட்டாமல் அந்த உறுதி வண்டிக்கு வந்து சேரவும் இல்லை.

தென்கலைக்கு மரம் உவமையாகாது. மரம் தேடி வருவதில்லை, அவர்களுடைய இறைவன் வருகிறான். அதற்கு உவமை வேண்டுமானால் இன்னொரு வண்டியை நினைக்கவேண்டும். நண்பர் தம் வண்டியில் வந்து, தம் வடத்தை எறிந்து, தம் பேட்டரியைச் செலவிட்டு இழுக்கிறார். விசை, ஆற்றல் இரண்டு ஏட்டிலும் புதைந்தவர் பெயரில் வரவு எதுவும் இல்லை. அவர் செய்யவேண்டியது ஒன்றே: நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவது. தென்கலை ஆசாரியர்கள் சீவனிடம் எதிர்பார்த்ததும் இதுவே. அதற்கு அவர்கள் வைத்த பெயர் விலக்காமை. அருள் வரும்போது தடுக்காதிருத்தல். அது ஒரு செயலா, செயலின்மையா என்று கேட்டால் பிரேக்கை விட்ட காலைத்தான் காட்டவேண்டும். பதற்றத்தில் அந்தக் காலை எடுப்பது லேசான காரியமில்லை.

இரு கலையாரும் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் கதை கஜேந்திரனுடையது. முதலை காலைப் பற்றிய யானை ஆயிரம் ஆண்டு போராடியது என்கிறது பாகவதம். வலு தீர்ந்தபின் தாமரையைத் தூக்கிக் கூப்பிட்டது. தஞ்சை மாவட்டத்துக் கபிஸ்தலத்தில் பெருமாளுக்கே கஜேந்திர வரதர் என்று பெயர். கூப்பிட்டதை வியாஜம் என்று ஒரு சாராரும், வலு தீர்ந்ததையே விலக்காமை என்று மறு சாராரும் படிக்க இடமுண்டு. யானையின் தவறு ஒன்றை வண்டியோட்டிகள் உடனே கண்டுகொள்வார்கள். புதைந்த சக்கரத்தை ஆக்சிலேட்டரை மிதித்துச் சுழற்றச் சுழற்றக் குழிதான் ஆழமாகும். நீரில் முதலைக்கு வலு கூடுகிறது, யானைக்குக் குறைகிறது என்று பாகவதம் சொல்வதும் அதுதான். பற்றுகோடில்லாத முயற்சி நின்ற இடத்தில் நிற்பதுகூட இல்லை.

கலிபோர்னியாவின் க்ளாமிஸ் மணல்மேடுகள் போன்ற இடங்களில் கட்ட மரமே இல்லை. அங்கே தற்சார்பின் கடைசி உபாயம், குழி தோண்டி ஸ்டெப்னி டயரைப் புதைத்து அதில் கொக்கியை மாட்டுவது. தன் பற்றுகோட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டதுபோல் தோன்றும். ஆனால் அந்த டயரைப் பிடித்து நிறுத்துவது மேலே கிடக்கும் மண்ணின் கனமும் இறுக்கமும்தான். காய்ந்த தளர்மணல் அந்த அளவுக்கு இறுகுவதில்லை, டயர் உழுதுகொண்டு மேலே வந்துவிடும். அத்தகைய இடத்துக்கு எவ்வளவு பெரிய வின்ச் பூட்டியிருந்தாலும் இரண்டு வண்டிகளாகத்தான் போகவேண்டும்.