அழுவதற்கும் ஓர் உறவு வேண்டும்

சோகமான குயர் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிப்பது சரியா? திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், “அண்ணா, நல்லபடியா முடியற கதை வேணாம், அழ வைக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க” என்று கேட்டதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவன் வயதில் நானும் அதைத்தான் தேடினேன். ஆனால் பால்புதுமையினர் என்றாலே துயரம்தான் என்று கதைகளும் சினிமாவும் சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அதையே இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்கலாமா?

வேண்டாம் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913-14இல் ‘மாரிஸ்’ நாவலை எழுதியபோது, அந்த இரண்டு ஆண்களும் கதைக்குள்ளாவது சேர்ந்து வாழவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சோகமாக முடித்திருந்தால் வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று பின்னுரையில் எழுதுகிறார். நாவல் வெளிவந்தது 1971இல், அவர் இறந்த பிறகு. அதாவது, நாம் செத்துப்போனால் சமூகம் கண்ணீர் விடத் தயார். வாழ்ந்துவிட்டால்தான் அதற்குப் பிரச்சினை.

ஆனால் எல்லாச் சோகமும் ஒன்றில்லை. வேலையில் நான் ஃபில்டர் எழுதுகிறவன். ‘சோகம்’ என்று ஒரு டேக் போட்டால் இரண்டு வேறு சாமான்கள் ஒரே கூடையில் வந்து விழும். ஒன்று தண்டனை: இப்படிப் பிறந்தாய், அதனால் அழிந்தாய். இன்னொன்று இழப்பு: நேசித்தாய், நேசித்தது கையைவிட்டுப் போனது.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) இரண்டாவது வகை. கொழும்புத் தமிழ்ப் பையன் அர்ஜிக்கு ஷெஹான் என்ற சிங்களப் பையன்மீது காதல். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிகிறது. குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. காதலித்ததற்காக அர்ஜி அழியவில்லை. காதலித்தவனை விட்டுப் போகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ நெஞ்சை அடைக்கும். ஒரு தமிழ்ப் பையனின் இந்தக் கதை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பது தனிச் சோகம்.

தமிழில் ரேவதியின் ‘வெள்ளை மொழி’ இருக்கிறது. அடித்த அண்ணன்கள் இருக்கும் வீட்டுக்கே அவர் திரும்பத் திரும்பப் போகிறார். ஏன் போகணும் என்று நமக்குக் கோபம் வரும். போகாமல் இருக்க முடியாத பாசம்தான் அந்தப் புத்தகத்தின் துக்கம்.

எங்க ஊர்ப்பக்கம் இதைப் புரிந்துகொள்ள நூலகம் தேவையில்லை. சித்திரை வந்தால் விழுப்புரம் லாட்ஜுகளில் ரூம் கிடைக்காது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு (2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி) எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வருவார்கள். பூசாரி கையால் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் அரவான் களப்பலி. தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, ஒப்பாரி, வெள்ளைப் புடவை.

வருஷா வருஷம் போய் ஏன் அழவேண்டும்? எனக்குத் தோன்றுவது இது. மனைவியாக இருந்தவள்தான் விதவையாக முடியும். பிறந்த வீட்டில் மகள் என்று ஒப்புக்கொள்ளாத ஒருத்திக்கு, துணை இறந்தால் பிணத்தின் தலைமாட்டில் உட்காரும் உரிமை கிடைக்குமா தெரியாது. கூவாகத்தில் அந்த ஒரு காலையில் கிடைக்கிறது. அங்கே ஒப்பாரி என்பது, எனக்கும் ஓர் உறவு இருந்தது என்று ஊரறியச் சொல்வது.

அதே இடத்தில் சுற்றி நின்று செல்போனில் வீடியோ எடுக்கிறவர்களும் உண்டு. அழுகிறவளின் தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுகிறவர்களும் உண்டு. வாசகனும் இந்த இரண்டில் ஒருவன்தான். யாருக்காக அழுகிறாள், என்ன போயிற்று என்று கேட்காமல் கண்ணீரை மட்டும் ரசித்தால் நாம் போன் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். கேட்டுக்கொண்டே படித்தால், சோகத்தைத் தேடுவதில் தப்பே இல்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமையைத் தர மறுத்தது. ஆக, காதலிக்கலாம். கூடவே வாழ்ந்த துணை போனால், சட்டத்தின் கணக்கில் நாம் அவருக்கு யாருமில்லை. அந்தத் துக்கத்துக்குப் பெயர் வைக்கிற வேலையை இப்போதைக்குப் புத்தகங்கள்தான் செய்துகொண்டிருக்கின்றன.