காத்திராத வாழ்வு

தான் கண்டது சத்தியமென்று ஐயமறத் தெரிந்த ஒருவன், தான் போற்றும் பெரியவரே சபை நடுவில் அதைப் பிழையென்று தள்ளிவிட்டபின், எஞ்சிய நாட்களை எவ்வாறு வாழ்வது? முன்பு எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று வழங்கிய மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் செல்லும்போதெல்லாம் இக்கேள்வி என்னுள் எழுவதுண்டு. அங்கே 'சந்திர விலாஸ்' இல்லத்தில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் பயின்ற வான்பௌதிகர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் சரித்திரத்தில் இதற்கு விடை இருப்பதாக எண்ணுகிறேன்.

1930-இல், பத்தொன்பது பிராயத்தில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய கணக்கொன்றை அவர் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கும் நட்சத்திரத்தை எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்குகிறது; ஆயினும் அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை மீறுமானால், எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிட, அவ்வழுத்தம் ஈடுகொடாது என்பதே அவர் கண்ட முடிவு. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் இதை எடுத்துரைத்து அமர்ந்ததும், அவர் போற்றிய வான்பௌதிகர் ஆர்தர் எடிங்டன் எழுந்து, இயற்கை இத்தகைய விபரீதத்துக்கு இடங்கொடாது என்ற கருத்துப்பட மறுத்தார். அந்தரங்கமாக ஆதரித்த பௌலி முதலிய பௌதிக மேதைகளும் பகிரங்கமாக வாய் திறக்கவில்லை.

1983-இல் நோபெல் பரிசு வந்தது. அதுவரை அரை நூற்றாண்டு அவர் காத்திருந்ததாகச் சொல்வார்கள். என் மனம் அதை ஒப்பவில்லை. சில ஆண்டுகள் வாதித்தபின், 1939-இல் யாவற்றையும் ஒரு நூலாக எழுதிவைத்துவிட்டு, விண்மீன்களின் இயக்கம், ஒளிக்கதிரின் பரவல், திரவ ஓட்டத்தின் நிலைத்தன்மை, கருந்துளைகள் என்று துறை துறையாகப் புகுந்து, ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, நூலொன்று இயற்றி, அப்பாற் சென்றவருக்குக் காத்திருக்க அவகாசம் ஏது?

துவேஷமும் ஒருவகைக் காத்திருத்தலே. பகைவனுடைய வாயிலை விட்டு அது நம்மை நகரவிடாது. 1982-இல் எடிங்டனின் நூற்றாண்டு விழாச் சொற்பொழிவுகளைக் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சந்திரசேகர், தம் காலத்து வான்பௌதிகர்களில் தலைசிறந்தவர் என்று அவரைப் போற்றினார். அவ்வாயிலில் அவர் என்றுமே நின்றிருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

அதே மயிலாப்பூரில் பௌதிகர் அல்லாடி ராமகிருஷ்ணனும், ஒரு ஸ்தாபனம் அமையட்டும் என்று இராமல், 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் தம் இல்லத்திலேயே மாணவர்களைக் கூட்டிப் பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். அதன் பயனாக எழுந்த கணித அறிவியல் நிறுவனத்தை 1962 ஜனவரி 3 அன்று தொடங்கிவைத்தவர் சந்திரசேகரே என்பது எனக்கு நிறைவு தரும் செய்தி.

நாமோ உத்தியோக உயர்வுக்கும், மூத்தவர் ஒருவரின் மெச்சுதலுக்கும், தவறிழைத்தவர் வந்து ஒப்புக்கொள்ளும் நாளுக்கும் ஆயுளை அடகு வைக்கிறோம். அப்படியானால் அநீதிக்குப் பணிந்துபோவதா என்று கேட்கலாம். இல்லை. கண்ட உண்மையை அஞ்சாது சொல்லி, பிறர் சோதிக்கும்படி தெளிவாக எழுதிவைப்பது நம் கடமை. உலகம் அதை ஏற்கும் நாள்வரை வாழ்வை நிறுத்திவைப்பது அக்கடமையில் சேராது.