கடைசி மணி வரை

இரவுப் பணி முடித்து மண்ணூரில் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரைக் காணுந்தோறும், பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) நம் நினைவில் எழுகிறது. எழுபதுகளின் வடசென்னையில், துறைமுகத் தொழிலாளி கபிலன் குடியில் வீழ்ந்து, மீண்டெழுந்து, குத்துச்சண்டையில் வெல்கிறான், நாமும் மகிழ்கிறோம். அவன் தோற்றிருந்தால், எழுந்ததற்கு மதிப்பு இல்லாமற் போயிருக்குமா?

1976இல் வெளிவந்த 'ராக்கி' விடை கூறுகிறது. 15 சுற்றுகளும் தாக்குப்பிடித்த ராக்கி, நடுவர் தீர்ப்பில் தோற்கிறான். ஆயினும் இறுதி மணி ஒலிக்கும்வரை நிற்பதொன்றே அவன் விரும்பியது. அது நிறைவேறிற்று.

வெற்றி பிறர் தருவது. நிமிர்ந்து நிற்பது நாமே ஈட்டுவது. நாளைய வேலை உறுதியில்லாதபோதும் இன்றைய வேலையைச் செம்மையாய் முடித்தவர் தோற்றவர் அல்லர். எனினும், அவரது பொறுமையைப் புகழ்ந்துவிட்டு, அவருக்குரிய நீதியை நாம் மறத்தல் தகுமோ?