குளிரும் தவக்குலும்

நமது நிபோங் திபாலில் மார்கழிக்கும் சித்திரைக்கும் பெரிய பேதமில்லை. கிரியான் ஆற்றோரத்தில் வாழும் நாம் கம்பளிக்கென்று பணம் செலவிட்டறியோம். ஆயினும், ஆண்டிறுதி விடுமுறையில் தாயகம் செல்லும் நம்மவர் பலர் குடும்பத்தோடு உதகமண்டலம் ஏறிவருகின்றனர். 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அவ்வூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். "கம்பளி எதற்கு? அல்லாஹ் காப்பான்" என்பாரும் நம்மில் உளர். இது ஈமானின் உறுதியா, வெறும் அசட்டையா?

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிர் போய்விடுமென அஞ்சிய அன்னார், தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இதுபற்றி வினவியபோது, தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளலாகாது என்னும் இறைக்கட்டளையை நினைந்தே அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். நாயகமவர்கள் சிரித்தார்கள், கடிந்துகொள்ளவில்லை.

வியாபாரிகளாகிய நமக்கு இதன் கருத்து விளங்காததன்று. பிறர் நம்மிடம் ஒப்படைத்த அரிசி மூட்டையை மழையில் போட்டுவிட்டு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று கடையடைப்போமா? உயிரும் அத்தகைய அமானிதமே; நமது சொந்தச் சரக்கன்று.

குளிருக்கு அஞ்சி, அடைத்த அறைக்குள் கரியடுப்பை மூட்டிவிட்டுத் தூங்குவதோ இன்னும் பெரிய ஆபத்து. கரி எரிகையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். உறங்குபவர் விழிக்காமலே மாண்டுபோகலாம். உறங்கப் போகுமுன் வீட்டு நெருப்பை அணைத்துவிடுமாறு நாயகமவர்கள் அன்றே கற்பித்திருக்கிறார்கள்.

இன்னுமொன்று. நாம் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் அவ்விரவில், நம்மை மலையேற்றிய காரோட்டி எங்கே படுத்தார்? அறை வாடகை மிச்சமென்று அவரைக் காரிலேயே விட்டவர்கள் நம்மில் இலரா? குளிர் தாளாமல் கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு அவர் உறங்கினால், அதே நச்சுவாயு அங்கும் புகக்கூடும். அவர் நம் உறவினரல்லர்; ஆயினும் அவ்விரவில் அவருயிரும் நம் கைக்கு வந்த அமானிதமே.

ஆகவே சகோதரர்களே, பயணக் கணக்கு எழுதும்போது அவருக்கான அறையையும் கம்பளியையும் முதல் வரியில் எழுதுவோம். நம்மால் இயன்றதைச் செய்து முடித்தபின், எஞ்சியதை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். தவக்குல் என்பது அதுவே.