எழுப்பித்தான் கேட்க வேண்டுமா?

திருச்செந்தூர் கோயில் பக்கம் உச்சி வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருப்பவர்களில் யார் பாதயாத்திரை வந்தவர், யார் காலையிலிருந்து மூட்டை சுமந்தவர் என்று கேமராவுக்குத் தெரியாது. இருவருக்கும் அதே தரை, அதே கடற்காற்று, முகத்தின் மேல் ஒரு துண்டு. பச்சை வேட்டி என்றால் பக்தி என்கிறோம்; அழுக்குச் சட்டை என்றால் சோம்பல், அல்லது பரிதாபம். வெறும் அசதி என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

உழைப்பாளியை உழைக்கும் கோலத்தில் பார்த்தே பழகிவிட்டோம். மெரினாவில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இல் திறக்கப்பட்டது. அதிலுள்ள நான்கு பேரும் இன்னும் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தமே தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. நியூயார்க்கில் 1932இல் வானளாவிய உத்தரத்தில் பதினொரு பேர் மதிய உணவு உண்ணும் படம் உலகப் புகழ் பெற்றது. அதுவும் கட்டடத்தின் விளம்பரத்துக்காக ஏற்பாடு செய்து எடுத்ததுதான். ஓய்வைக்கூட வேலையாக்கிவிட்டார்கள்.

தெருவில் படமெடுக்கும் எனக்கு இதில் தீராத ஒரு சிக்கல் உண்டு. தூங்குபவரிடம் அனுமதி கேட்க வேண்டுமானால் அவரை எழுப்ப வேண்டும். எழுப்பினால் படமும் போச்சு, அவருடைய தூக்கமும் போச்சு. கேட்காமல் எடுத்தால், தெருவையே திண்ணையாக்கிக்கொண்டவரின் திண்ணைக்குள் எட்டிப் பார்த்ததாகிறது. பொது இடம்தானே என்று வாதாடலாம். ஆனால் உப்பளத்தில் வேலை செய்பவருக்கு ஒதுங்க மரநிழல் இல்லை. துறைமுகச் சாலையில் கிளீனர் பையனுக்கு லாரியின் அடிவயிறுதான் அறை. வேறு இடம் இருந்தும் அவர்கள் பொது இடத்துக்கு வந்து படுக்கவில்லை.

அதனால் முகத்தில் துண்டு போட்டவர்களை எடுக்கிறேன், முகம் தெரிந்தால் விட்டுவிடுகிறேன். இது நியாயமா என்று கேட்டால் முழுப் பதில் என்னிடம் இல்லை; துண்டு போட்டது ஈக்காகவும் இருக்கலாம். விழித்திருப்பவரிடம், “அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்பது எளிது. டீ கிளாஸை வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்துவிடுவார்கள். “சும்மா உக்காந்திருக்கதைப் போட்டு என்ன செய்யப் போறிய? மூட்டையைத் தூக்குதேன், அப்ப எடுங்க.” வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வதும் அந்தப் படத்தைத்தான். சாய்ந்திருக்கும் படத்தை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.