நேரமின்மை என்ற சமாதானம்

'நேரமில்லை' என்று சொல்வது நம் நண்பர்களுக்குள் ஒரு அந்தஸ்தாகிவிட்டது. நானும் சொல்கிறேன். பழியை வங்கியின் மேல் போட்டுவிடலாம். இலக்கிய வட்டத்தில் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

எலியட் இந்த இடத்தில் என்னைத் தொந்தரவு செய்கிறார். 1917லிருந்து 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் உத்தியோகம். மாலைகளில் மதிப்புரைகள், கட்டுரைகள். அவரை வங்கியிலிருந்து மீட்க 1922ல் எஸ்ரா பவுண்ட் ஒரு திட்டம் போட்டார்: முப்பது பேர், ஆளுக்கு வருஷத்துக்குப் பத்து பவுன். எலியட் கூசினார், வேலையை விடவில்லை. அதற்குள் 'பாழ்நிலம்' எழுதியாகிவிட்டது. 1921ன் இறுதியில், மனம் தளர்ந்துபோன நிலையில் வங்கி கொடுத்த மூன்று மாத விடுப்பில், மார்கேட் கடற்கரையிலும் லோசானிலும் அதன் பிற்பகுதி உருப்பெற்றது. இதைப் படித்தவன் உடனே லீவு எழுதிக்கொடுக்கப் போவான். நான் போனேன்.

மௌனியைப் பற்றி ஒரு கட்டுரை. அதற்காகப் பதினைந்து நாள் பிரிவிலேஜ் லீவு. முதல் இரண்டு நாள் புத்தக அலமாரியை ஒழுங்கு செய்தேன். பிறகு பாக்கியிருந்த கடிதங்கள். நண்பர் ஒருவரின் தொகுப்புக்கு முன்னுரை, ஒரு மதிப்புரை, வெளியூரில் ஒரு கூட்டம். பத்தாம் நாள் வாக்கில், வெட்கத்தோடுதான் சொல்கிறேன், மனம் வங்கிக் கவுண்டரைத் தேடியது.

கவுண்டரில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகிவிடும். நூறு ரூபாய் குறைந்தால் தேடுகிறோம், பெரும்பாலும் அகப்படுகிறது, வீட்டுக்குப் போகிறோம். மௌனியின் ஒரு பாரா முன்னால் ஒரு காலை முழுதும் உட்கார்ந்தால் சாயங்காலம் கணக்குக் காட்ட ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன் என்பதற்கே சாட்சி கிடையாது. அந்தச் சூனியத்தைத் தாங்கமுடியாமல்தான் வீட்டிலும் ஒரு கவுண்டரைத் திறந்துகொண்டேன். முன்னுரையும் கூட்டமும் டேலி ஆகிற காரியங்கள். எலியட்டின் விடுப்பு பலித்ததென்றால் அவர் அந்தக் கவிதையை வெகுநாள் முன்பிருந்தே சுமந்துகொண்டிருந்தார். விடுப்பு இறக்கிவைக்க இடம் கொடுத்தது, அவ்வளவுதான். நான் எதையும் சுமந்துகொண்டு லீவில் போகவில்லை.

இது என்னோடு முடிகிற விஷயமாக இருந்தால் சோம்பல் என்று விட்டுவிடலாம். அந்தப் பதினைந்து நாளும் குழந்தையைப் பள்ளியில் விட்டு அழைத்துவந்தது, என் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, வாசலில் வந்தவர்களுக்குப் பதில் சொன்னது எல்லாம் என் மனைவி. அவளும் வேலைக்குப் போகிறவள். மௌனியின் பெயரில் அவளிடம் நேரத்தை வாங்கிக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு காரியத்துக்கு வாங்கிய கடனை இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டவரை நாங்கள் வங்கியில் என்ன பெயர் சொல்லிப் பேசுவோம் என்று எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காலை, சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, "எழுதி முடிச்சாச்சா?" என்று கேட்டாள். மதிப்புரை முடிந்தது என்றேன்.

"அது லீவு போடாமலேயே எழுதுவீங்களே," என்றாள்.

மௌனி கட்டுரையில் மூன்று பக்கம் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை.